பெட்டியை எத்தனை முறை கட்ட வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில், அறுபது வயதைக் கடந்த வாசகர் ஒருவர், தாமும் தம் மனைவியும் ஐரோப்பாவில் சில ஊர்களை ரயிலிலேயே சென்று பார்க்க விரும்புவதாகவும், பயணக் குழு எதிலும் சேராமல் அது தங்களால் ஆகுமா என்றும் கேட்டு எழுதியிருந்தார். அதற்கு மறுமொழியாக வந்த கடிதங்கள் பெரும்பாலும் செலவைப் பற்றியே பேசின. செலவு முக்கியம்தான், ஆனால் எங்கள் வயதில் பயணத்தைக் கெடுப்பது அலைச்சல். சென்ற செப்டம்பரில் நானும் என் கணவரும் மதுரையிலிருந்து புறப்பட்டு, ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலுமாகப் பதினைந்து இரவுகள் தங்கி, ஊர்விட்டு ஊர் ரயிலிலேயே சென்று திரும்பினோம். எனக்கு வயது 64, அவருக்கு 69. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. படி இறங்கும்போது வலது முழங்கால் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டுப் பயணம் இருவருக்கும் இதுவே முதல் முறை. அந்த வாசகருக்கும், கேட்கத் தயங்கிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால், நாங்கள் திட்டமிட்ட விதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நாங்களும் எல்லோரையும் போல நகரிலுள்ள ஒரு பயண முகவரிடம்தான் போனோம். அவர் எழுதிக் கொடுத்த தாளில் 12 நாட்களில் 7 ஊர்கள் இருந்தன: ரோம், புளோரன்ஸ், வெனிஸ், மிலன், லூசெர்ன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம். படிக்கும்போது மனம் நிறையத்தான் செய்தது. முப்பது ஆண்டுகள் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தியவள் நான். அந்த ஊர்களை எத்தனையோ முறை சுவர்ப் படத்தில் குச்சி வைத்துக் காட்டியிருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மேசையில் விரித்து, ஒவ்வொரு ஊருக்கும் எதிரே எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம், எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்று பென்சிலால் குறித்தபோது, பன்னிரண்டில் ஆறு நாட்கள் பெட்டி கட்டுவதிலும், ரயில் நிலையத்துக்குப் போவதிலும், அறை கிடைக்கும் நேரம்வரை விடுதி வாசலில் உட்கார்ந்திருப்பதிலுமே போய்விடும் என்பது தெரிந்தது. லூசெர்னிலிருந்து பாரிஸ் போகும் வழியில் பாசெல் நிலையத்தில் வண்டி மாறுவதற்கு 8 நிமிடம் ஒதுக்கியிருந்தார். பாரிஸில் வந்து இறங்குவது கார் து லியோன் நிலையம்; ஆம்ஸ்டர்டாம் வண்டி புறப்படுவது கார் து நோர் நிலையம். பாண்டியனில் வந்து எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்குப் போய் வேறு வண்டி பிடிப்பது போன்ற காரியம் அது. பாரிஸ் மெட்ரோவின் பழைய நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை என்பதையும் நாங்களே தேடித்தான் அறிந்தோம்.

அன்று இரவே ஒரு முடிவுக்கு வந்தோம். எத்தனை நாடு, எத்தனை ஊர் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எத்தனை முறை பெட்டி கட்ட வேண்டும் என்று எண்ணத் தொடங்கினோம். வீட்டில் கட்டுவதும் கடைசியாக ஊர் திரும்பக் கட்டுவதும் போக, இடையில் இரண்டே முறை என்று வரம்பு வைத்துக்கொண்டோம். இரண்டு முறை கட்டினால் மூன்று ஊர்கள்: வியன்னாவில் 5 இரவு, சால்ஸ்பர்க்கில் 4 இரவு, லூசெர்னில் 6 இரவு. வியன்னாவில் விமானம் இறங்கி, சூரிச்சில் விமானம் ஏறும்படி சீட்டு எடுத்ததால், போன வழியே திரும்பி வர வேண்டிய ஒரு முழு நாள் மிச்சமாயிற்று. மற்ற இடங்களையெல்லாம் தங்கும் ஊரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் இடங்களாக ஆக்கிக்கொண்டோம். கையில் ஒரு துணிப்பையும் தண்ணீர்ப் பாட்டிலும்தான் இருக்கும். பெட்டி அறையிலேயே கிடக்கும். கால் வலித்தால் அன்றைக்குப் போகாமல் இருந்துவிடலாம், எந்த முன்பதிவும் வீணாகாது. முதியவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை என்று இப்போதும் சொல்வேன்.

விசாவும் இந்த இரவுக் கணக்கோடு சேர்ந்ததே. ஷெங்கன் விசா ஒன்று பெற்றால் ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குள் சென்று வரலாம். ஆனால் அதை எந்த நாட்டிடம் கேட்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். எங்களுக்கு ஆஸ்திரியாவில் 9, சுவிட்சர்லாந்தில் 6 என்பதால் ஆஸ்திரியாவிடம் விண்ணப்பித்தோம். கட்டணம் ஒருவருக்கு 90 யூரோ. பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்து 15 நாட்களுக்கு முன்புவரை விண்ணப்பம் கொடுக்கலாம் என்றாலும், கடைசி நாள்வரை காத்திருப்பது நம் வயதுக்கு ஆகாத பதற்றம். விரல் ரேகை பதிவதற்குச் சென்னை போய் வந்தோம். பாஸ்போர்ட், திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும். லண்டனையும் சேர்த்துவிடலாம் என்று உறவினர்கள் சொல்வார்கள். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, அதற்குத் தனி விசா வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்ற பகுதியை அமர்ந்து படிக்க வேண்டுகிறேன். என் கணவரின் சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதிக் கொடுத்தோம். பிரீமியம் கூடியது, மனம் நிம்மதியாயிற்று.

ரயில் சீட்டைப் பற்றி அந்த வாசகர் குறிப்பாகக் கேட்டிருந்தார். யூரெயில் பாஸ் என்னும் ஒரே சீட்டு 33 நாடுகளின் ரயில்களில் செல்லும்; 60 வயதானவர்களுக்கு அதில் 10 சதவீதம் சலுகை உண்டு. ஆனால் பாஸ் இருந்தாலும் பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் அதிவேக வண்டிகள், யூரோஸ்டார் ஆகியவற்றில் இருக்கைக்குத் தனியே பணம் கட்டி முன்பதிவு செய்தாக வேண்டும். அடிக்கடி ஊர் மாறுபவர்களுக்கே அந்தப் பாஸ் கட்டுப்படியாகும். எங்களுக்கு நெடுந்தொலைவு ரயில் பயணம் இரண்டே என்பதால், தனித்தனிச் சீட்டே மலிவாக முடிந்தது. முன்கூட்டியே எடுத்தால் விலை வெகுவாகக் குறையும். ஆனால் அந்த மலிவுச் சீட்டு குறிப்பிட்ட அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும், தவறவிட்டால் போனதுதான். விசா கைக்கு வந்த பிறகே அவற்றை எடுத்தோம். சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் அதில் எங்களுக்கு வருத்தமில்லை. இன்னொன்றையும் நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காத்திருப்போர் பட்டியல், ஆர்ஏசி என்பதெல்லாம் அங்கே கிடையாது. ஆஸ்திரியாவில் சீட்டு வேறு, இருக்கை வேறு. சீட்டு மட்டும் எடுத்தவர் கூட்டம் மிகுந்தால் நின்றுகொண்டு வர நேரும். சில யூரோக்கள் கூடக் கொடுத்து இருக்கையையும் பதிவு செய்துகொள்வது முதியவர்களுக்குக் கட்டாயம் என்றே கருதுகிறேன். சுவிட்சர்லாந்தில் மட்டும் 6 நாள் சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தோம். ரயில், பேருந்து, ஏரிப் படகு எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும் என்பதால், ஒவ்வொரு முறையும் சீட்டு இயந்திரத்தின் முன் கண்ணாடியைத் தேடிக்கொண்டு நிற்கும் வேலை இல்லாமல் போயிற்று.

புறப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளோட்டம் பார்த்தோம். இதை ஒவ்வொருவரும் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவிருந்த அதே பெட்டிகளை, அதே எடையோடு கட்டிக்கொண்டு, மதுரையிலிருந்து செங்கோட்டை, அங்கிருந்து கொல்லம், பிறகு திருவனந்தபுரம் என்று போய்வந்தோம். போர்ட்டர் வைத்துக்கொள்வதில்லை, பெட்டிக்குப் பிள்ளைகளின் உதவியைக் கேட்பதில்லை என்பது நிபந்தனை. மதுரைச் சந்திப்பின் நடைமேம்பாலத்திலேயே எங்கள் திட்டம் தோற்றது. பத்தாவது படியில் என் கணவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றார். நெற்றி முழுக்க வியர்வை. பெட்டி 22 கிலோ. திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி, பாதியை எடுத்து அலமாரியில் வைத்தோம். நான்கு புடவை மூன்றாயிற்று. இஸ்திரிப் பெட்டி, இரண்டாவது கம்பளி, உறவினர்களுக்கான பரிசுகள் எல்லாம் நின்றுபோயின. ஆளுக்கு ஒரு பெட்டி, 12 கிலோவுக்கு மேல் இல்லை. துணியை அங்கேயே துவைத்துக்கொள்வது என்று வைத்தோம். அந்த இரண்டு மாதமும் காலையில் நான்கு மாசி வீதிகளையும் சுற்றி நடந்தோம். ஐரோப்பாவின் பழைய நகரங்களில் தெருக்கள் கல் பாவியவை. வண்டியும் எல்லா இடத்துக்கும் போகாது. மாசி வீதிகளை நிற்காமல் ஒரு சுற்று வர முடிகிறவர் அங்கே அச்சமின்றி நடக்கலாம்.

இத்தனை முன்னேற்பாட்டுக்குப் பிறகும் முதல் ஊர்மாற்றத்தன்று தவறு நேர்ந்தது. நிலையத்துக்கு அரை மணி முன்பே வந்து, சீட்டில் கண்ட நடைமேடையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தோம். புறப்பட ஏழெட்டு நிமிடம் இருக்கையில், பக்கத்தில் நின்றவர்கள் திடீரென்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அறிவிப்பு எங்களுக்கு விளங்கும் மொழியில் வருமுன் பாதிக் கூட்டம் இறங்கிவிட்டிருந்தது. பலகையை நிமிர்ந்து பார்த்தால் நடைமேடை எண் மாறியிருந்தது. லிஃப்டின் முன் குழந்தை வண்டிகளோடு நான்கைந்து பேர். என் கணவர் படியிலேயே இறங்கிவிட்டார். மூன்றாவது படியில் பெட்டி கைநழுவிக் கீழே உருண்டது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. கீழேயிருந்து ஓர் இளைஞன் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், எங்களுக்கு முன்னால் நடந்து அடுத்த நடைமேடையில் ஏற்றிவிட்டுப் போனான். கடைசிப் பெட்டியில் ஏறி, ஓடும் வண்டிக்குள்ளேயே நடந்து எங்கள் இருக்கைக்கு வந்து சேர்ந்தபோதும் அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் கண்ணீரை அடக்கிக்கொண்டேன்.

அதன் பிறகு எங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். உட்காருவது அறிவிப்புப் பலகை கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான். ஒருவர் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பலகையைப் பார்ப்பார். அங்கே நடைமேடை ஏ, பி, சி என்று எழுத்துகளால் பகுக்கப்பட்டிருக்கும். நாம் ஏற வேண்டிய ரயில் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்பது முன்பே காட்டப்படும். அந்த எழுத்தின் கீழ் போய் நிற்க வேண்டும். மதுரையில் நிற்பது போல வண்டி நிற்காது. இரண்டு மூன்று நிமிடம்தான், கதவும் நேரத்துக்குச் சற்று முன்பே மூடிவிடும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், நடப்பதற்குச் சிரமப்படுகிற பயணிகள் 24 மணி நேரம் முன்பே தெரிவித்தால், ஏறவும் இறங்கவும் வண்டி மாறவும் ரயில்வே ஊழியர்களே கட்டணமின்றி உதவ வேண்டும் என்பது சட்டம். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியது அது என்று நாங்கள் தவறாக நினைத்திருந்தோம். முழங்கால் வலி உள்ள முதியவருக்கும் அது உண்டு. சால்ஸ்பர்க்கில் முந்தைய நாளே சொல்லி வைத்தோம். மறுநாள் காலை ஊழியர் ஒருவர் குறித்த இடத்தில் காத்திருந்து, எங்களை லிஃப்ட் வழியாக அழைத்துச் சென்று, இருக்கையில் அமர்த்திவிட்டுப் போனார். கேட்பதில் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

சால்ஸ்பர்க்கிலிருந்து சூரிச்சுக்கு ஐந்தரை மணி நேரம் போல; அதுவரை வண்டி மாறவே வேண்டாம், லூசெர்னுக்கு அங்கிருந்துதான் வேறு வண்டி. ஆஸ்திரியாவின் ரெயில்ஜெட் வண்டி அது. வழியில் ஜெர்மனியின் ஒரு மூலையை நிற்காமல் கடந்து, மறுபடி ஆஸ்திரியாவில் இன்ஸ்புரூக் வழியாக ஆல்ப்ஸில் ஏறி, லிக்டன்ஸ்டைன் என்னும் சின்னஞ்சிறு நாட்டையும் கடந்து சுவிட்சர்லாந்துக்குள் நுழைகிறது. ஓரிருக்கையில் அமர்ந்தபடி நான்கு நாடுகள்! ஆகவே பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல் கையிலேயே வைத்திருக்க வேண்டும். எல்லையிலுள்ள புக்ஸ் நிலையத்தில் வண்டி திசை மாறிப் புறப்படும். முன்னோக்கி உட்கார்ந்திருந்தவர்கள் பின்னோக்கிப் போவார்கள். திரும்பிப் போகிறதோ என்று நாங்கள் பதறியதைப் போல மற்றவர்கள் பதற வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நேரடி வண்டி இருக்கும் ஊர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததே எங்கள் திட்டத்தின் உயிர். வண்டி மாறித்தான் ஆக வேண்டுமென்றால், இடையில் முக்கால் மணி நேரமாவது இருக்கும்படி அடுத்த வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணினி காட்டும் முதல் இணைப்பு இளைஞர்களின் கால்களுக்கு உரியது.

மலை இடங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் உடல்நிலையே வழிகாட்டியாக இருந்தது. சுவிட்சர்லாந்து என்றதும் எல்லோரும் சொல்வது யுங்ஃப்ராயோக். மலைமேல் உள்ள அந்த ரயில் நிலையத்தின் உயரம் 3,454 மீட்டர். காற்று மெலிந்திருக்கும் என்பதால் எங்கள் மருத்துவர் வேண்டாம் என்றார். அதற்குப் பதில் ரிகி மலைக்குப் போனோம். அதன் உயரம் 1,798 மீட்டர். நம் கொடைக்கானலைவிடத் தாழ்ந்ததே. லூசெர்னிலிருந்து ஒரு மணி நேரம் படகில் ஃபிட்ஸ்னாவ் என்னும் ஊருக்குப் போனால், படகுத்துறைக்கு எதிரிலேயே பல்சக்கர ரயில் நிற்கிறது. 1871-இல் ஓடத் தொடங்கிய அதுவே ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். வியன்னாவிலிருந்து செம்மரிங் மலைப்பாதையிலும் ஒரு நாள் போய்வந்தோம். 1854-இல் திறக்கப்பட்டு, இன்றும் பெரிய வண்டிகள் ஓடும் பாதை அது. நம் மேட்டுப்பாளையம்–உதகை ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை என்பதை நான் வகுப்பில் பல முறை சொல்லியிருக்கிறேன். அந்த நாட்டின் மலையில் அதே பல்சக்கரம் தண்டவாளப் பல்லைக் கவ்வும் சத்தத்தைக் கேட்டபோது, குன்னூர் ஏற்றத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

உணவைப் பற்றிச் சுருக்கமாக. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அவல் எடுத்துச் சென்றோம். சமையலறை உள்ள தங்குமிடமாகப் பிடித்ததால் சோறு வடிப்பதில் சிரமமில்லை. பால்பொருட்களையும் இறைச்சியையும் வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு செல்லத் தடை உண்டு. என் தங்கை ஆசையோடு கொடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையும் நெய்யையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனோம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்று இல்லாமல் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய ரயில் நிலையத்துக் கடைகள் தவிர மற்ற மளிகைக் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே பால் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலினை விமானத்தில் கைப்பையிலேயே வைக்க வேண்டும், சரக்கறையின் குளிரில் உறைந்தால் கெட்டுவிடும். மருத்துவரின் சீட்டில் மருந்தின் வணிகப் பெயரோடு மூலப் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டோம். அவசர உதவிக்கு அங்கெல்லாம் 112.

ஆசிரியர் அவர்கள் மூலமாக இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். தங்கள் நாளிதழிலும் பிறவற்றிலும் வெளிவரும் வெளிநாட்டுச் சுற்றுலா விளம்பரங்களில் இத்தனை நாளில் இத்தனை நாடு என்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். அதற்கு அடியிலேயே, எத்தனை முறை விடுதி மாற வேண்டும், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ எத்தனை கிலோமீட்டர் நடக்க வேண்டும், பெட்டியை யார் தூக்குவார்கள் என்ற மூன்று விவரங்களையும் பயண நிறுவனங்கள் அச்சிட வேண்டும். வாழ்நாள் சேமிப்பை எடுத்துக் கொடுக்கும் மூத்தவர்களுக்கு, கையெழுத்திடும் முன் இதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. இரண்டாவதாக, நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாதம் ஒரு நாள், வெளிநாட்டுப் பயணம் திட்டமிடும் முதியவர்களும் போய்வந்த முதியவர்களும் சந்திக்க ஓர் அறை ஒதுக்கித் தந்தால் பேருதவியாக இருக்கும். இணையத்தில் சீட்டுப் பதிவு செய்யவும் நிலையத்தின் வரைபடத்தைப் படிக்கவும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்து காட்டிக்கொடுத்தால், பிள்ளைகளின் விடுமுறைக்காகக் காத்திருக்கும் பலர் தாங்களே புறப்பட்டுவிடுவார்கள். அப்படி ஓர் ஏற்பாடு நடந்தால், நாங்கள் பயன்படுத்திய நாள்வாரித் திட்டம், பெட்டிப் பட்டியல், உதவி கேட்டு அனுப்பிய விண்ணப்பத்தின் நகல் ஆகியவற்றோடு நானும் என் கணவரும் முதல் மாதமே வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
திருநகர், மதுரை.